சண்டை போட்டால்தான் சனிக்கிழமை

எங்கள் விவாகரத்தில் யாருக்கும் வருத்தம் இல்லை, அதைப் பிழைப்பாக வைத்திருந்தவர்களைத் தவிர. என் வக்கீலுக்கு முகம் தொங்கிப்போனது. "ஒரு அடி, ஒரு வசவு, ஏதாவது இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று கடைசி வரை கேட்டுப் பார்த்தார். இல்லாததற்கு நான் எங்கே போவேன்? என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கோபம் வந்தால் பேசமாட்டார். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு கட்டடத்து லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிடுவார். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். நாள் முழுக்க எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் பயத்தைப் பேசிப் பேசியே போக்கி ஊசி குத்துகிறவளுக்கு வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? சுவரோடு பேசி அலுத்துப்போய் ஒருநாள், பிரிந்துவிடலாமா என்று கேட்டேன். "சரி" என்றார். எட்டு வருஷத்தில் நான் கேட்டு அவர் உடனே பதில் சொன்ன கேள்வி அது ஒன்றுதான்.

பிரிந்த பிறகு ஒரு அதிசயம் நடந்தது. ஒரே கூரைக்குக் கீழே ஒத்துவராத நாங்கள், இரண்டு தெரு தள்ளிக் குடிபோனதும் மனிதர்களாகிவிட்டோம். சனிக்கிழமை காலையில் வாசலில் வந்து நிற்பார். எங்கள் மகள் வாண்டு (இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் உண்டு, யாரும் கூப்பிடுவதில்லை) செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுவாள். "சளி பிடிச்சிருக்கு, ஐஸ்கிரீம் வாங்கித் தராதீங்க" என்பேன். "ம்" என்பார். வாங்கித் தருவார். ஞாயிறு மாலை மூக்கு ஒழுகும் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். அவரை எப்படிக் கூப்பிடுவது என்பது ஒன்றுதான் சிக்கலாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க'. அதற்குப் பிறகு என்ன என்று எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லவில்லை. 'வாண்டு அப்பா' என்று வைத்துக்கொண்டேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நீதிமன்றம். இறுதித் தீர்ப்பில் கடைசிப் பத்தியாக ஒன்று இருந்தது. தகப்பனுடைய சனியும் ஞாயிறும் இப்போதைக்குத் தற்காலிகம். பிரிந்த பெற்றோர் நல்லிணக்க மையம் வருஷக் கடைசியில் சான்றிதழ் கொடுத்தால்தான் நிரந்தரம். அதுவரை பெற்றோர் இருவரும் மையத்தின் 'இருகரம்' என்ற செயலியின் வழியாக மட்டுமே பேசிக்கொள்ள வேண்டும்.

"ஃபோன்ல வர்ற ஆப்பா?" என்று வாண்டு அப்பா என்னைக் கேட்டார். "அதுல எழுதணுமா?" அவருக்கு எழுத்து வேப்பங்காய். 'பழுது, ஏறாதீர்' என்ற பலகையைத் தவிர அவர் கைப்பட எதையும் எழுதி நான் பார்த்ததில்லை.

மையம் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில் இருந்தது. பணப் பெட்டகம் இருந்த அறையில் இப்போது பிள்ளைகளைக் கைமாற்றுகிறார்கள். இரும்புக் கதவை மாற்றவில்லை, ரோஸ் நிறப் பெயின்ட் அடித்து மேலே ஒரு முயல் வரைந்திருந்தார்கள். அறிமுக வகுப்பில் ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் உட்கார வைத்து நடுவே திரை கட்டியிருந்தார்கள். இயக்குநர் வந்தார். கோட்டு போட்டவர். தன் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று கோத்துப் பிடித்துக்கொண்டே பேசுவார், விட்டால் ஒன்று மற்றொன்றை விவாகரத்து செய்துவிடுமோ என்று பயந்தவர் போல.

"இங்க வந்திருக்கிற எல்லாரும் ஒரு தப்பு பண்ணிட்டீங்க" என்று ஆரம்பித்தார். "கல்யாணம் பண்ணினது தப்பில்ல. பிரிஞ்சது தப்பில்ல. பேசினீங்க பாருங்க, அதான் தப்பு. எல்லாப் பிரச்சினைக்கும் மூலம் பேச்சு. அதனால உங்க பேச்சை நாங்க வாங்கிக்கிறோம். நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு உங்களைவிட எங்களுக்கு நல்லாத் தெரியும். அடிக்கிற கைதான் அணைக்கும்னு பெரியவங்க சொன்னாங்க. இருகரத்துல ஒரு கை அடிக்கும், ஒரு கை அணைக்கும். ரெண்டு கையுமே எங்களோடதுதான்."

எல்லோரும் கைதட்டினோம். கைதட்டாதவர்களைக் குறித்துக்கொள்வார்கள் என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள்.

பிறகு சட்டதிட்டங்களை விளக்கினார்கள். நேரில் பேசினால் அதற்குப் பெயர் 'புறவழிப் பேச்சு', குற்றம். எங்கள் இரண்டு ஃபோன்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் 'அருகாமை மணி' அடிக்கும். ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், நினைத்த நேரத்தில் செயலி "நலமா?" என்று கேட்கும், உடனே சிரிக்கிற முகத்தை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அது பெற்றோரின் அக்கறையின்மை. சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தால் மட்டும் மன்னிப்பு உண்டு.

முதல் வாரமே வாண்டுவின் ஷூ அவர் வீட்டில் தங்கிவிட்டது. "வாண்டு ஷூ உங்க வீட்டுல இருக்கு. நாளைக்கு ஸ்கூலுக்கு வேணும்" என்று செயலியில் எழுதினேன். உடனே திரையில் தீப்பிடித்தது. செய்தி போகவில்லை. செயலிக்குள் தொனிமானி என்று ஒன்று இருக்கிறது. எழுதியதை முகர்ந்து பார்த்து, நல்ல தொனி என்றால் பச்சை இலை காட்டும், கெட்ட தொனி என்றால் தீ. 'உங்க வீட்டுல' என்றது குற்றச்சாட்டாம். 'வேணும்' என்றது அதிகாரமாம். அதற்குப் பதிலாக அதுவே ஒன்றை எழுதிக் கொடுத்தது: "நம் அன்புக் குழந்தையின் காலணிகள் தற்போது எங்கே இருக்கக்கூடும் என்று உங்களோடு சேர்ந்து வியக்க விரும்புகிறேன்."

வேறு வழியில்லாமல் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய பதில் வந்தது: "நானும் வியக்கிறேன்."

இருவருக்கும் பச்சை இலை. திரை முழுக்கப் பூ கொட்டியது. மறுநாள் வாண்டு செருப்போடு பள்ளிக்குப் போய் வரிசைக்கு வெளியே நின்றாள். ஷூ அவர் வீட்டு வாசலிலேயே இருந்தது, யாரும் வியக்க வேண்டிய அவசியமே இல்லாமல்.

சனிக்கிழமை இனி வாசலில் வந்து நிற்கக் கூடாது. மையத்துக்குப் போய் நான் 'தாய் வாசல்' வழியாக வாண்டுவை உள்ளே விட வேண்டும். என் கதவு பூட்டப்படும். பிள்ளை நடுவில் ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்து மனதைச் சமன் செய்துகொள்ள வேண்டும். அதன் பிறகு 'தந்தை வாசல்' திறக்கும். வேடிக்கை பார்க்க ஒரு மீன் தொட்டி வைத்திருந்தார்கள். அதில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. மீன்கள் ஒன்றையொன்று துரத்தியதால் பிரித்து வைத்திருக்கிறோம் என்றார் இணக்க அலுவலர்.

இணக்க அலுவலர் ஒரு நடுத்தர வயது அம்மா. எதைக் கேட்டாலும் கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்து விட்ட பிறகுதான் பதில் சொல்வார். சில மாதங்கள் போனதும் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க ஜோடியில ஒரு தகராறுகூடப் பதிவாகலையே?"

"தகராறு இல்லீங்க மேடம்."

கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். "பிரிஞ்சவங்களுக்குள்ள தகராறு இல்லேன்னா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, மறைக்கிறீங்க. இல்லேன்னா நீங்க சரியாப் பிரியலை. மறைச்சா குழந்தைக்கு ஆபத்து. சரியாப் பிரியலேன்னா நீதிமன்ற அவமதிப்பு."

"ரெண்டும் இல்லாம, சும்மா ஒத்துப்போறோம்னு வெச்சுக்குங்களேன்."

"அதுக்கு ஆப்ல இடம் இல்லம்மா."

பிறகுதான் விஷயம் புரிந்தது. சான்றிதழ் வேண்டுமென்றால் 'தீர்வுப் புள்ளி' வேண்டும். தகராறு கிளம்பி, மையம் தலையிட்டு, அது தீர்ந்தால்தான் புள்ளி. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இவர்களுக்கு ஊர் இரண்டுபட்டால்தான் உத்தியோகம். "பூஜ்யத்துல நிக்கிற தகப்பனுக்கு வருஷக் கடைசியில சனி ஞாயிறு ரத்தாயிடும். எனக்கே மனசு கேக்கலை" என்றார். "ஒரு சின்னச் சண்டையாவது போடுங்களேன்." வீட்டுக்கு வந்தவரிடம் ஒரு வாய் காப்பியாவது குடியுங்கள் என்று வற்புறுத்துவது போலக் கேட்டார்.

சண்டை போடலாம்தான். ஆனால் சண்டை போட வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நேரில் சொன்னால் புறவழிப் பேச்சு. செயலியில் சொன்னால் நானே எனக்கு எதிராகச் சாட்சி எழுதிக் கொடுத்தது போல. வாண்டுவிடம் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம், "போய் அப்பாவை அம்மாகூடச் சண்டை போடச் சொல்லு" என்றா சொல்வது?

வழி தானாக வந்தது. எங்கள் பரிசோதனைக் கூடம் மூன்றாவது மாடி. பள்ளி விட்டதும் வாண்டு அங்கே வந்து, நான் வேலை முடிக்கும் வரை ஒரு மூலையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பாள். ஒரு மாலை இருவரும் வீட்டுக்குக் கிளம்பி லிஃப்டில் ஏறினால் உள்ளே வாண்டு அப்பா நிற்கிறார். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்வது அவர் கம்பெனி. அருகாமை மணி அடிக்கப்போகிறது என்று ஃபோனைப் பைக்குள் அழுத்திப் பிடித்தேன். அதற்குள் கதவு மூடியது. அவர் ஒரு சாவியைத் திருப்பினார். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது.

"இரும்புப் பெட்டி" என்றார். "நடுவுல நின்னா சிக்னல் வராது."

வாண்டு அவர் காலைக் கட்டிக்கொண்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குச் சண்டை போட வராதே" என்றார்.

"அதனாலதான பிரிஞ்சோம்" என்றேன். "இப்பவாவது கத்துக்குங்க."

அன்றிலிருந்து புதன்கிழமை மாலைகளில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுதானது. மூன்று பேரும் லிஃப்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் கொண்டுவரும் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, அந்த வாரச் சண்டையை முடிவு செய்வோம். வாண்டு ஒரே நாளில் நடைமுறையைப் புரிந்துகொண்டாள். "முதல்ல காய் விடணும். அப்புறம் அந்த ஆன்ட்டி வந்து பழம் விடச் சொல்லுவாங்க. பழம் விட்டா மார்க். அவ்வளவுதானே?" அந்த மையத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரும் இதை இவ்வளவு சுருக்கமாக எனக்கு விளக்கியதில்லை.

முதல் சண்டைக்கு வாண்டுவின் முடியை எடுத்துக்கொண்டோம். கேட்காமல் நான் வெட்டிவிட்டேன் என்று அவர் கோபப்பட வேண்டும். செயலியின் தகராறுப் பகுதியில் மட்டும் தொனிமானி தடுக்காது; எவ்வளவு எரிகிறதோ அவ்வளவு நல்லது. அவர் எழுதியிருந்தார்: "முடி அழகாக இருக்கிறது. இருந்தாலும் எனக்குக் கோபம்."

அடுத்த புதன்கிழமை நான் தலையில் அடித்துக்கொண்டேன். "இப்படி யாராவது சண்டை போடுவாங்களா?"

"அழகாத்தானே இருக்கு. பொய்யா எழுதச் சொல்றியா?"

"ஆமா!"

வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வீடு என்று இருந்தபோது வராதது, இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கும்போது வந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குக் கை வந்துவிட்டது. ஷாம்பு சண்டை, ஸ்வெட்டர் சண்டை, கழித்தல் கணக்கைச் சொல்லிக்கொடுக்கும் முறை பற்றிய சண்டை. ஒவ்வொன்றுக்கும் இணக்க அலுவலர் எங்கள் ஃபோனில் வந்து கண்ணை மூடி மூச்சிழுத்தார். கடல் அலை வீடியோ ஒன்றை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். நாங்கள் பார்த்துத் திருந்தினோம். புள்ளி ஏறியது. ஸ்வெட்டர் சண்டை தீர்ந்த அன்று அவர் கண்கலங்கிவிட்டார். "உங்க கேஸைப் பார்த்தாத்தான் எனக்கு வேலைக்கு வர்றதுக்கே தெம்பு வருது" என்றார்.

ஒருநாள் ஒரு பெரியவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஃபோன் அதிர்ந்தது. அந்த வாரத்துக்குப் பேசி வைத்தது பல் தேய்ப்பது பற்றிய சண்டை. வாண்டு அப்பா எழுதியிருந்தது வேறு: "நான் பேசலைன்னு பிரிஞ்சே. நான் பேச வாயைத் திறக்குற வரைக்கும் என்னைக்காவது நீ பேச்சை நிறுத்தினியா?"

எத்தனை நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. "அம்மா, கை மரத்துப்போச்சும்மா" என்று பெரியவர் கத்தினார். பட்டையை அவிழ்க்க மறந்திருந்தேன்.

அந்தப் புதன்கிழமை லிஃப்டில் பிஸ்கட் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. வாண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது நிஜச் சண்டையா, மார்க் சண்டையா?"

"மார்க் சண்டைதான்" என்றார் அவர்.

அவர் கேட்டது நியாயம் என்று எனக்குத் தெரிந்திருந்தது, வலித்தது. மையத்தார் அந்தத் தகராறுக்குத்தான் அதிகப் புள்ளி கொடுத்தார்கள். இயக்குநர் கைப்படப் பாராட்டுச் செய்தி அனுப்பினார்.

ஆண்டு விழா வந்தது. 'சிறந்த தகராறுத் தீர்வு இணை' நாங்கள்தான். சான்றிதழை மேடையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு செயலி கிடையாது, முயல் வரைந்த கதவு கிடையாது. சனிக்கிழமை பழையபடி வாசலில் வந்து நிற்கலாம். வாண்டு புதுச் சட்டை போட்டுக்கொண்டாள். மேடையில் எங்களை இரண்டு கோடியில் உட்கார வைத்து, அருகாமை மணியை விழா முடியும் வரை நிறுத்தி வைத்தார்கள். இயக்குநர் கைகளைக் கோத்துக்கொண்டு எழுந்தார்.

"இந்த மையம் ஆரம்பிச்ச காலத்துல பிரிஞ்ச பெற்றோர் தெருமுனையில நின்னு பேசிக்கிட்டிருந்தாங்க. ஸ்கூல் வாசல்ல பேசிக்கிட்டிருந்தாங்க. இன்னைக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொல்றேன், எங்ககிட்ட இருக்குற ஒரு குடும்பத்துலயும் ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை கிடையாது. போன வருஷத்தைவிட இந்த வருஷம் தகராறு மூணு மடங்கு கூடியிருக்கு. அப்படின்னா தீர்வும் மூணு மடங்கு! மக்கள் இதே மாதிரி ஒத்துழைச்சா அடுத்த வருஷம் நமக்குப் புதுக் கட்டடம்."

கைதட்டல் அடங்கியதும் பரிசு கொடுத்தார்கள். கண்ணாடியில் செய்த இரண்டு கைகள். இடது கை எனக்கு, வலது கை அவருக்கு. சான்றிதழ் இயக்குநரின் கையில் இருந்தது. அதை நீட்டுவதற்கு முன், விழா சோபிக்க வேண்டும் என்று யாரோ வாண்டுவை மேடையேற்றி அவள் வாயருகே மைக்கைப் பிடித்தார்கள்.

"பாப்பா, அம்மாவும் அப்பாவும் இப்ப எப்படி இருக்காங்க? எல்லாருக்கும் சொல்லு" என்றார் இயக்குநர்.

வாண்டுவுக்கு மேடை பிடித்துவிட்டது. "நல்லா இருக்காங்க அங்கிள். லிஃப்ட்ல நல்லாச் சிரிப்பாங்க."

இயக்குநர் கூட்டத்தைப் பார்த்துப் பூரித்தார். "பாருங்க, குழந்தை என்னமா சொல்லுது! வாழ்க்கையில மேல ஏறிக்கிட்டிருக்காங்கன்னு சொல்லுது."

"இல்ல அங்கிள், நிஜ லிஃப்ட். அம்மா வேலை செய்ற எடத்துல. அப்பா சாவி போட்டு நடுவுல நிறுத்திடுவாரு. நாங்க பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டே என்ன சண்டை போடலாம்னு யோசிப்போம். அப்பாவுக்குச் சண்டையே போடத் தெரியாது. அம்மாதான் சொல்லித் தருவாங்க."

கூட்டத்தில் ஒரே ஒருவர் கைதட்டினார், பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார். இயக்குநரின் கோத்த கைகள் பிரிந்ததை அன்றுதான் பார்த்தேன். ஒரு கை சான்றிதழைக் கோட்டுப் பைக்குள் வைத்தது. இன்னொரு கை மைக்கைப் பிடுங்கியது. மேடைக்குக் கீழே வந்ததும் வாண்டு, "நல்லாப் பேசினேனா?" என்று கேட்டாள்.

மறுநாளே விசாரணை. ஒரு நாளும் எங்களை ஒரே அறையில் விடாதவர்கள் அன்று சேர்த்து உட்கார வைத்தார்கள். திட்டுவதற்கு மட்டும் அருகாமைக்குத் தடையில்லை போலிருக்கிறது.

"சண்டை போட்டவங்களை இந்த மையம் என்னைக்கும் கைவிட்டதில்ல" என்றார் இயக்குநர். குரலில் உண்மையான துக்கம் இருந்தது. "தட்டை வீசிக்கிட்டவங்களைக்கூட உட்கார வெச்சுப் பேசி அனுப்பியிருக்கேன். ஆனா நீங்க சிரிச்சிருக்கீங்க. அதுவும் குழந்தை முன்னாடி."

இணக்க அலுவலர் கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை மூச்சு சரியாக வரவில்லை. "ஸ்வெட்டர் சண்டைகூடப் பொய்யா?" என்று மட்டும் கேட்டார்.

வாண்டு அப்பா எழுந்து நின்றார். "சார், புள்ள சந்தோஷமா இருந்துச்சு சார்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

"குழந்தைக்கு எது சந்தோஷம்னு முடிவு பண்ணத்தான் நாங்க இருக்கோம். பெத்தவங்களே முடிவு பண்ணிக்கிட்டா அப்புறம் இந்தக் கட்டடம் எதுக்கு?"

"அதைத்தான் சார் நானும் கேக்குறேன்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பிறவிக் குணம்.

தீர்ப்பு வந்தது. புறவழிப் பேச்சு, புறவழிச் சிரிப்பு, பிள்ளைக்குப் பொய்யான ஒற்றுமையைக் காட்டி மனதைக் குழப்பியது. தகப்பனின் சனி, ஞாயிறு நிறுத்தி வைக்கப்படுகிறது. பெற்றோருக்குள் உண்மையில் என்ன நிலவரம் என்பதைப் பிள்ளை தன் வாயால் சொல்லும் வரை அதற்கு 'உண்மை மீட்பு அமர்வு' நடத்தப்படும். எங்கள் கட்டடத்து லிஃப்டில் கேமரா வைத்துவிட்டார்கள். வாண்டு அப்பாவை அந்தக் கட்டடத்து வேலையிலிருந்து கம்பெனி மாற்றிவிட்டது.

சனிக்கிழமை காலையில் வாண்டு வழக்கம்போல் குளித்துத் தலை வாரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வரமாட்டார் என்று சொல்லியும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்க் கட்டட வாசலில் கருவிப் பெட்டியோடு ஓர் ஆள் நின்று, மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. வாண்டு கையை ஆட்டினாள். அவரும் கையைத் தூக்கினார். என் ஃபோன் ஊளையிட ஆரம்பித்தது. அவருடையதும் ஊளையிட்டிருக்க வேண்டும். தூக்கிய கையை இறக்கிவிட்டுத் தெருமுனையைப் பார்த்து நடந்தார். இவர்கள் நாசமாய்ப் போக என்று வாய்விட்டுச் சொன்னேன். செயலி "நலமா?" என்று கேட்டது. சிரிக்கிற முகத்தை அழுத்தினேன்.

முதல் அமர்வில் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வேண்டும், சைகை கூடாது என்றார்கள். உள்ளே இணக்க அலுவலர், "லிஃப்ட்ல அம்மா அப்பா என்ன பண்ணுவாங்க கண்ணு?" என்று கேட்டார். சிரித்தது, பிஸ்கட், அப்பா மெல்ல மெல்லச் சண்டை பழகியது என்று வாண்டு எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னாள். அலுவலர் ஒவ்வொன்றுக்கும் தலையை இடவலமாக ஆட்டினார். "இன்னும் உண்மை வெளிய வரலை" என்று என்னிடம் வந்து சொன்னார். "உள்ள ஆழமாப் புதைஞ்சிருக்கு."

அடுத்த அமர்வில் வாண்டு அவரை ஒரு கேள்வி கேட்டாள். "ஆன்ட்டி, நான் உண்மையைச் சொன்னா அப்பா சனிக்கிழமை வருவாரா?"

"கண்டிப்பா வருவாரும்மா. அதுக்குத்தானே கேக்குறேன்."

வாண்டு கொஞ்ச நேரம் மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கணக்கு போடும்போதும் அப்படித்தான் செய்வாள். பிறகு நிமிர்ந்து, "சிரிக்கலை ஆன்ட்டி" என்றாள். "நான்தான் பொய் சொன்னேன். அம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க. அப்பா கதவை உதைப்பாரு. அவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் பிடிக்கவே பிடிக்காது. நான் மூலையில உக்காந்து அழுவேன்."

இணக்க அலுவலரின் முகம் மலர்ந்தது. அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். இயக்குநரை அழைத்து வந்தார்கள். அவர் வாண்டுவின் தலையில் கை வைத்து, "குழந்தை மனசு திறந்துடுச்சு" என்றார். "இனிமே எப்பவும் இதே மாதிரி உண்மையே பேசணும், என்ன?" வாண்டு தலையாட்டினாள். அவளுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கையை ஆட்டவில்லை, தலையை அசைக்கவில்லை. எழுந்து உள்ளே போய் அந்தப் பெண்மணியை நாலு கேள்வி கேட்க உடம்பெல்லாம் துடித்தது. கேட்டால் சனிக்கிழமை போய்விடும். அன்று முதல் தடவையாக என் வாய் மூடிக் கிடந்தது.

சனிக்கிழமை திரும்ப வந்தது. பிள்ளையைக் கைமாற்றும் நேரத்தில் மட்டும் அருகாமை மணியை நிறுத்தி வைப்பார்கள். மையத்தின் படியருகே நானும் வாண்டுவும் போய்ச் சேர்ந்தபோது வாண்டு அப்பா அந்தக் கோடியில், தந்தை வாசலுக்குப் போகும் வரிசையில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் விரிந்தது. என் முகமும் தானாக மலர்ந்தது.

வாண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். "சிரிக்காதம்மா" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "யாராவது பாத்துடுவாங்க. கோவமா வெச்சுக்கோ."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே போகும் முன் அவள் ஒரு தடவை நின்று, நான் சரியாகச் செய்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போனாள்.